பேட்டி கொடுக்கப் போகும் பேராசிரியருக்கு

கேள்வி: ஓர் அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். கடலோரக் கிராமங்களில் கிணற்று நீர் உப்பாவது பற்றித்தான் என் ஆய்வு. ஒரு செய்தித் தொலைக்காட்சியிலிருந்து பேட்டி கேட்டு அழைத்திருக்கிறார்கள். வகுப்பில் ஒரு மணி நேரம் தடையில்லாமல் பேசுகிறேன். கேமரா என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சொல்வதைத் திரித்துவிடுவார்களோ, சக ஆய்வாளர்கள் குறை சொல்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது. மூத்தவர்கள் யாரையாவது கைகாட்டிவிடலாமா?

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கைகாட்டாதீர்கள். அந்தக் கிணறுகளில் வாளி இறக்கித் தண்ணீர் எடுத்துப் பார்த்தவர் நீங்கள். நீங்கள் மறுத்தால் பேட்டி நின்றுவிடாது. அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்காருவார்கள். பெரும்பாலும் எல்லாத் தலைப்பிலும் பேசத் தயாராக இருக்கும் ஒருவர். உப்புத் தண்ணீரைக் குடத்தில் சுமக்கும் பெண் அவர் சொல்வதைத்தான் கேட்டுக்கொள்வார். நம் பல்கலைக்கழகங்களில் எத்தனையோ பெண் ஆய்வாளர்கள் இருந்தும், திரையில் நிபுணர் என்று வருபவர்களில் ஆண்களே மிகுதி. "என்னைவிட அதிகம் தெரிந்தவர் இருக்கிறார்" என்று நல்ல மனத்துடன் ஒதுங்கிக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நான் நீர்வளப் பொறியியல் கற்பித்தவன். ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக மழைக்காலம் வந்தால் செய்தியாளர்களின் அழைப்பும் வரும். என் முதல் பேட்டி ஓர் ஏரிக்கரையில் நடந்தது. இருபது நிமிடம் பேசினேன். இரவுச் செய்தியில் சில விநாடிதான் வந்தது: "இந்த ஏரி உடைய வாய்ப்பு இருக்கிறது." அதற்கு அடுத்து நான் சொன்னது, "ஆனால் மேலே உள்ள ஏரிகள் எல்லாம் ஒரே இரவில் நிரம்பி வழிந்தால்தான் அப்படி நடக்கும்" என்ற வாக்கியம். அது வரவில்லை. மறுநாள் காலை அந்த ஏரிக்குக் கீழே உள்ள தெருவுக்குப் போனேன். இரண்டு குடும்பங்கள் பீரோவையும் கேஸ் சிலிண்டரையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தன. ஒரு பாட்டியம்மா கோழிக்கூண்டை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தொலைக்காட்சிமீது பல நாள் கோபமாக இருந்தேன். பிறகுதான் உறைத்தது: வெட்டியவர் எதையும் திரிக்கவில்லை. முற்றுப்புள்ளி இருந்த இடத்தில் வெட்டினார். அந்த முற்றுப்புள்ளியை அங்கே வைத்தது நான்.

அன்றிலிருந்து நான் கைவிடாத பழக்கம் ஒன்று உண்டு. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. அது நமக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. நிபந்தனையை முன்னால் வைத்து, முடிவை வினையோடு கடைசியில் சொன்னால் வாக்கியத்தை நடுவில் வெட்டுவது கடினம். "மேலே உள்ள ஏரிகள் எல்லாம் ஒரே இரவில் வழிந்தால் மட்டுமே இந்த ஏரிக்கு ஆபத்து வரும்" என்று சொல்லியிருந்தால், எடிட்டர் முழுதாகப் போட்டிருப்பார், அல்லது முழுதாக விட்டிருப்பார். "ஆனால்" என்று தொடங்கும் வாக்கியம் பேட்டியில் உயிர் பிழைப்பது அரிது. உங்களுக்கு முக்கியமான எச்சரிக்கை எதுவும் "ஆனால்" என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கக் கூடாது.

இனி உங்கள் பேட்டிக்கு வருகிறேன். செய்தியாளர்கள் உங்களிடம் கேட்பது ஒரு "பைட்". அரை நிமிடத்துக்கும் குறைவாக ஒளிபரப்பாகும் துண்டுப் பேச்சு. நீங்கள் எவ்வளவு பேசினாலும் எஞ்சுவது அதுதான் என்பதால், எது எஞ்ச வேண்டும் என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவுசெய்துகொண்டு போங்கள். ஒரே ஒரு வாக்கியம் போதும். பேட்டியைப் பார்த்த பெண் மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்படியே திருப்பிச் சொல்லக்கூடிய வாக்கியமாக அது இருக்க வேண்டும்.

உங்கள் துறையில் அந்த வாக்கியம் தயாராகவே இருக்கிறது. கடலோர மண்ணுக்குள் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் நூறாண்டுக்கும் முன்பே கணக்கிட்டுச் சொன்ன விகிதம் ஏறக்குறைய ஒன்றுக்கு நாற்பது. இதைப் பேச்சில் சொன்னால்: "கடலோரத்தில் நல்ல தண்ணீர் ஒரு அடி கீழே இறங்கினால், அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர் சுமார் நாற்பது அடி மேலே ஏறிவிடும்." இதைக் கேட்டவர் மறக்க மாட்டார். மோட்டாரைப் போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வார்.

இந்த இடத்தில் உங்களுக்குள் ஒரு குரல் எழும் என்று எனக்குத் தெரியும். அந்த விகிதம் நீரோட்டம் இல்லாத, சமச்சீரான மண்ணுக்குத்தானே பொருந்தும். இரண்டு நீருக்கும் நடுவே கலப்பு மண்டலம் ஒன்று இருக்கிறதே. இதைச் சொல்லாமல் விட்டால் கருத்தரங்கில் பார்ப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா? பேட்டியைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் குரல்தான். உங்கள் முன்னால் செய்தியாளர் நிற்கிறார். உங்கள் மனமோ இன்னொரு பேராசிரியரிடம் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேராசிரியருக்குச் சொல்ல வேண்டியதை ஆய்வுக்கட்டுரையில் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள். பேட்டியில் "சுமார்" என்ற ஒரு சொல் அந்த வேலையைச் செய்துவிடும். சுருக்கிச் சொல்வதில் தவறே இல்லை. சுருக்கியது பொய்யாகிவிடக் கூடாது, அவ்வளவுதான். உப்புநீர் கடலிலிருந்து பக்கவாட்டில் மட்டுமே வருகிறது என்று சொன்னால் அது பொய். நாற்பது அடி என்பது சுருக்கம்.

ஆங்கிலத்திலேயே படித்து ஆங்கிலத்திலேயே எழுதும் நமக்கு, கேமரா முன் தமிழ் காலை வாருகிறது. ஒன்று ஆங்கிலச் சொல்லாக வந்து விழுகிறது, இல்லையென்றால் பாடநூல் தமிழாக இறுகிவிடுகிறது. "கடலோர நீர்த்தாங்கிகளில் உவர்நீர் ஊடுருவல்" என்றால் செய்தியாளரே விழிப்பார். "கடல் தண்ணீர் மண்ணுக்கு அடியில் ஊருக்குள் வருகிறது" என்று சொல்லுங்கள். ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுத்தால் நல்ல சொற்கள் கிடைக்கும். ஏரி நிரம்பி வழிவதைக் காஞ்சிபுரம் பக்கம் கலங்கல் போகிறது என்பார்கள். நெல்லைப் பக்கம் குளம் மறுகால் பாய்கிறது என்பார்கள். எந்தப் பகுதிக்கான செய்தியோ அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால், இவர் நம் ஊரைப் பார்த்தவர் என்ற நம்பிக்கை அந்த நொடியிலேயே வந்துவிடுகிறது.

சில சொற்கள் நமக்கு ஒரு பொருள், கேட்பவருக்கு வேறு பொருள். அளவீட்டில் "பிழை" என்று நாம் சொல்வது, அளவு எந்த எல்லைக்குள் முன்பின்னாக இருக்கலாம் என்பதை. அவர்கள் காதில் விழுவது தப்பு செய்துவிட்டோம் என்று. "வாய்ப்பு இருக்கிறது" என்றால் நமக்கு நூற்றில் பத்தாகவும் இருக்கலாம். கேட்பவருக்கு அது நடக்கப் போகிறது என்றே பொருள். நூறாண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளம் என்ற தொடர் இன்னும் மோசம். 2015-இல் வந்துவிட்டது, இனி அடுத்த நூற்றாண்டுதான் என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். முப்பது ஆண்டுக் கடனில் ஆற்றோரம் வீடு வாங்கியவர், கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது அந்த வெள்ளத்தைப் பார்க்க நான்கில் ஒரு பங்குக்குமேல் வாய்ப்பு உண்டு. கணக்குப் போட்டால் 26 விழுக்காடு வரும். நான் பேட்டிகளில் வீட்டுக் கடனைச் சொல்லத் தொடங்கிய பிறகு யாரும் அடுத்த நூற்றாண்டு என்று சொல்வதில்லை.

எண்களைக் கண்ணால் பார்க்கிற மாதிரி கொடுங்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது என்று எல்லாச் செய்தியிலும் வந்தது. கன அடி என்றால் என்னவென்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியைச் சென்னையில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆக, ஒவ்வொரு விநாடியும் அறுபத்தெட்டு தண்ணீர் லாரிகள் அடையாற்றில் கவிழ்ந்தன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. வானிலை மையத்தின் கணக்கில் 20 செ.மீ.யைத் தாண்டினாலே அதிகனமழை. இதையும் மாடிக் கணக்கில் சொல்லலாம்: ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி ஒன்றின் மேல் ஏழு லாரிக்கு மேல் தண்ணீர். உங்கள் கிணறுகளுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 2,000 என்பது பதினைந்து லிட்டர் குடத்துக்கு முப்பது கிராம். ஐந்து தேக்கரண்டி உப்பு. குடத்தையும் கரண்டியையும் சொல்லுங்கள். மில்லிகிராமைச் செய்தியாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது, இந்தப் பதிலில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். 2009-இல் இத்தாலியின் லாக்விலா நகரத்தில் நடந்தது அது. அங்கே மாதக்கணக்கில் சிறு சிறு நில அதிர்வுகள் வந்துகொண்டிருந்தன. மக்கள் கலங்கிப்போயிருந்தார்கள். மார்ச் 31 அன்று நாட்டின் மூத்த நிலநடுக்க அறிஞர்கள் அந்த ஊரில் கூடினார்கள். கூட்டத்துக்கு முன்பே, குடிமக்கள் பாதுகாப்புத் துறையின் துணைத் தலைவர் பெர்னார்தோ தெ பெர்னார்தினிஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டி கொடுத்தார். அவர் நிலநடுக்கவியல் அறிஞர் அல்லர். சிறு அதிர்வுகள் மூலம் ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருக்கிறது, ஆகவே ஆபத்தில்லை என்று விஞ்ஞானிகள் தம்மிடம் சொல்வதாகச் சொன்னார். அப்படியானால் ஒரு கோப்பை ஒயின் குடித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா என்று செய்தியாளர் கேட்டார். நிச்சயமாக என்று சொல்லி, அந்தப் பகுதி ஒயின் ஒன்றின் பெயரையும் சேர்த்தார்.

ஏப்ரல் 6 அதிகாலையில் 6.3 அளவில் நிலநடுக்கம் வந்தது. 309 பேர் இறந்தார்கள். அதிர்வு வந்தால் வீட்டை விட்டு வெளியேறித் திறந்த வெளியில் இரவைக் கழிப்பது அந்த ஊரின் பழைய வழக்கம். அந்த இரவு சிலர் நம்பி வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். 2012-இல் அந்த அறிஞர்களில் ஆறு பேர், பேட்டி கொடுத்தவர் என ஏழு பேருக்கு ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2014-இல் மேல்முறையீட்டில் அறிஞர்கள் ஆறு பேரும் விடுவிக்கப்பட்டார்கள். பேட்டி கொடுத்தவருக்கு மட்டும் தண்டனை இரண்டாண்டாகக் குறைந்து நிலைத்தது. 2015-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

அந்தப் பேட்டியில் பிழை எங்கே? ஆற்றல் வெளியேறுகிறது என்ற கூற்றே அறிவியல்படி நிற்காது. நிலநடுக்க அளவுகோலில் ஒரு எண் கூடினால் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடுகிறது. சிறு அதிர்வுகள் ஆயிரம் வந்தாலும் பெரியதற்கு ஈடாகாது. தன் துறை அல்லாததைப் பிறர் சொன்னதாகச் சொன்னதும் பிழை. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஒயின் கேள்விதான். செய்தியாளர் ஒரு சொற்றொடரை நீட்டினார், அவர் தலையாட்டினார். ஊர் நினைவில் வைத்திருப்பது அதைத்தான்.

உங்களிடமும் நீட்டுவார்கள். "அப்படியானால் இந்த ஊர் இனி வாழத் தகுதியற்றது என்று சொல்லலாமா மேடம்?" "ஆமாம்" என்றால் அது தலைப்பு, உங்கள் பெயரில் வரும். "இல்லை, வாழத் தகுதியற்றது என்று நான் சொல்ல மாட்டேன்" என்றாலும் அந்தச் சொல் உங்கள் வாயில் வந்துவிட்டது. வெட்டினால் "வாழத் தகுதியற்றது" மட்டும் மிஞ்சலாம். நீட்டிய சொல்லைத் தொடவே வேண்டாம். "இந்த ஊரில் கோடையில் மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைத்தால் உப்பு ஏறுவதைத் தடுக்க முடியும்" என்று உங்கள் சொல்லில், புது வாக்கியமாகத் தொடங்குங்கள். அது மழுப்பல் ஆகாது. கேள்விக்கு உள்ளே இருக்கும் கவலைக்கு நீங்கள் பதில் சொல்கிறீர்கள்.

மூன்று கேள்விகள் கட்டாயம் வரும். தண்ணீரைக் குடிக்கலாமா? யார் காரணம், இறால் பண்ணையா? அரசின் தோல்விதானே? முதல் கேள்விக்கு உங்கள் அளவீடு பதில் சொல்லும். குழந்தைகளின் உடல்நலம் என்று நீண்டால், "அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். தெரியாது என்று சொன்ன பேராசிரியரை மக்கள் குறைவாக நினைத்ததை நான் பார்த்ததில்லை. இரண்டாவதற்கு, நீங்கள் அளந்தது எதுவோ அதை மட்டும். மூன்றாவதில் கவனம் தேவை. நீங்கள் அரசுக் கல்லூரியில் இருக்கிறீர்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973 உங்களுக்குப் பொருந்தும். பேட்டிக்கு முன்பே கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் தெரிவித்து அனுமதி கேட்டுவிடுங்கள். கேமரா முன்னால், "கிணறுகளில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்" என்று உங்கள் வாக்கியத்துக்கே திரும்பி வாருங்கள்.

இரவு விவாத நிகழ்ச்சிக்கு அழைத்தால் என் கருத்து: போகாதீர்கள். கட்சிப் பேச்சாளர்களுக்கு நடுவில் கிடைக்கும் சில நிமிடங்களில் கிணற்றைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. தனிப் பேட்டியாகப் பதிவு செய்து நிகழ்ச்சிக்கு நடுவில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

அழைப்பு வந்ததும் அந்த இடத்திலேயே பேசத் தொடங்காதீர்கள். எந்த நிகழ்ச்சி, நேரலையா பதிவா, இன்னும் யாரிடம் பேசுகிறீர்கள், செய்தி எதைப் பற்றி என்று கேட்டுக்கொண்டு, "இருபது நிமிடத்தில் அழைக்கிறேன்" என்று சொல்லி, சொன்னபடி அழையுங்கள். அவர்களுக்கு நேரக் கெடு உண்டு. மாலை கேட்டதற்கு மறுநாள் பதில் சொல்வது பதில் சொல்லாததற்குச் சமம். அச்சுப் பத்திரிகை என்றால், கட்டுரை முழுவதையும் காட்டச் சொல்வது முறையல்ல. உங்கள் மேற்கோளையும் எண்களையும் மட்டும் போனில் படித்துக்காட்டச் சொல்லலாம். தலைப்பு தவறாக வந்தால் செய்தியாளரைக் கடிந்துகொள்ளாதீர்கள்; தலைப்பைப் பெரும்பாலும் அலுவலகத்தில் உதவி ஆசிரியர்தான் வைக்கிறார். எந்தச் சொல் தவறு, எது சரி என்று இரண்டு வரி அனுப்பினால் இணையத்திலாவது திருத்துவார்கள். அடுத்த முறை உங்களிடம் கேட்டுவிட்டே எழுதுவார்கள்.

இன்னொன்று, இந்தக் காலத்துக்கே உரியது. பேட்டியில் தேதியையும் ஊரையும் சொல்லுங்கள். "இன்று, மே மாதம் பத்தாம் தேதி, இந்தக் கிராமத்துக் கிணறுகளில்" என்று. ஒவ்வொரு மழைக்கும் யாரோ ஒருவரின் பழைய வெள்ளப் பேட்டி வாட்ஸ்அப்பில் புதிதுபோலச் சுற்றிவருகிறது. வாயால் சொன்ன தேதியை வெட்டுவது, எழுத்தில் போட்ட தேதியை மறைப்பதைவிடக் கடினம்.

உடை, இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெருக்கமான கோடு போட்ட துணி திரையில் அலையடிக்கும். ஒற்றை நிறம் நல்லது. செய்தியாளரைப் பார்த்துப் பேசுங்கள். கணினி வழிப் பேட்டி என்றால் மட்டும் கேமராவைப் பார்த்து. மின்விசிறியை நிறுத்துங்கள். கதவைப் பூட்டுங்கள்: 2017-இல் தென்கொரிய அரசியல் பற்றி பிபிசிக்கு வீட்டிலிருந்து நேரலையில் பேசிய பேராசிரியர் ராபர்ட் கெல்லியின் குழந்தைகள் உள்ளே வந்துவிட்டார்கள், அன்று அவர் சொன்ன ஆய்வு யாருக்கும் நினைவில்லை.

நாக்கு ஒட்டிக்கொள்வதற்கு ஒரு மருந்துதான் தெரியும். முதல் நாள் இரவு உங்கள் அம்மாவிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ அந்த ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் திரும்ப என்ன கேட்கிறார்களோ, செய்தியாளரும் அதைத்தான் கேட்பார். எஸ்.ஆர். ரமணன் சென்னையில் புயல் எச்சரிக்கை மைய இயக்குநராக இருந்து 2016 மார்ச்சில் ஓய்வுபெறும்வரை, மழைக்காலத்தில் குழந்தைகள்கூட அவர் பேச்சுக்காகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்கள். தாழ்வுநிலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, எங்கே மழை என்று பதற்றமில்லாமல் வரிசையாகச் சொல்வார். கேட்பவருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருந்தது. அதனால் நம்பிக்கையும் இருந்தது.

முடிந்தால் பேட்டியைக் கல்லூரி அறையில் வைக்காமல் கிணற்றடியில் வைத்துக்கொள்ளுங்கள். 1986-இல் சேலஞ்சர் விண்கல விபத்து விசாரணையில், இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த விண்கலத்தில் பயன்பட்ட வகை ரப்பர் வளையத்தின் துண்டொன்றைப் பனிக்கட்டி போட்ட தண்ணீர்க் கோப்பையில் முக்கி எடுத்து, குளிரில் அது மீளும் தன்மையை இழப்பதைக் கேமராக்களின் முன்னே காட்டினார். நீங்கள் இரண்டு கண்ணாடி டம்ளர் கொண்டுபோங்கள். கடலை ஒட்டிய கிணற்றுத் தண்ணீர் ஒன்றில், ஊருக்குள் தள்ளியிருக்கும் கிணற்றுத் தண்ணீர் இன்னொன்றில். இரண்டும் பார்க்க ஒன்றுபோலத் தெளிவாகத்தான் இருக்கும். கரைந்த உப்பை அளந்து காட்டும் டி.டி.எஸ். மீட்டரை முதலில் ஒன்றில், பிறகு மற்றொன்றில் முக்கி, எண் நிலைக்கும்வரை எதுவும் பேசாமல் இருங்கள். கேமராமேன் தானே நெருங்கி வந்து அதைப் படம் பிடிப்பார். அதன் பிறகு நாற்பது அடி வாக்கியத்தைச் சொல்லுங்கள்.